க்ரூஸ் குழுவின் மூன்றாவது ஆள்

மூன்று பேர் இல்லாவிட்டால் அறை கிடையாது. விதி அவ்வளவுதான்.

ஹேட்ஃபோர்ஸ் என்கிற ஆலை ஊரில் கிடாரும் டிரம்ஸும் வைத்துச் சத்தம் போட நினைக்கிற எந்தக் கூட்டமும் காகிதத்தில் ஒரு படிப்பு வட்டம். துணி தைக்கப் பழகுகிறவர்கள், நாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், ஓய்வுபெற்ற பிறகு ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் எல்லாரையும் போலத்தான் பங்க் இசை வாசிக்கிறவர்களும். வாரத்தில் ஒரு நாள் மூன்று பேராவது கூடி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் நகராட்சி அறை கொடுக்கும், விளக்கு கொடுக்கும், காபி கொடுக்கும். பழைய தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில் 'க்ரூஸ்' என்கிற குழு இரண்டு வருஷமாக 'தாள இசை, தொடர்நிலை' என்ற பெயரில் படித்துக்கொண்டிருந்தது. படித்தது என்னவோ ஒரு பாட்டை இரண்டு நிமிஷத்துக்குள் முடிப்பதும், மிச்ச நேரத்தில் ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையிலிருந்து விழுந்த காயங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதும்தான்.

அந்த மார்ச் மாதம் அவர்கள் இரண்டு பேரானார்கள்.

ஹோல்கருக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை. படிப்பு வட்டங்களின் பொறுப்பாளர் அவர். முப்பது வருஷம் நடனக் குழுவில் அக்கார்டியன் வாசித்து முதுகு போனவர். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். சாவியை இந்த மாதக் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இன்னோர் ஆள் வேண்டும். இல்லையென்றால் அறை தேவாலயப் பாடகர் குழுவுக்குப் போய்விடும்.

இல்வா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து பேஸ் கிடாரின் தடித்த கம்பியைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக இருந்தாள். பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தை இலையுதிர்காலத்திலேயே விட்டுவிட்டு முதியோர் இல்லத்தின் சமையலறையில் தட்டுக் கழுவினாள். கிடார் வாசித்துப் பாடுகிற மோர்த்தென் தரையில் கால் நீட்டிக் கிடந்தான். மூலையில் படுக்கை விரிப்புப் போர்த்திய டிரம்ஸ். விரிப்பைப் போர்த்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கதவு தட்டாமல் திறந்தது. உள்ளே வந்தவர் டிரம்ஸ் வாசித்த தார்மோவின் அப்பா ரெய்னோ. மகனின் டிரம்ஸை எடுத்துப்போக யாரிடமோ வண்டி இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆலை உடுப்பு. கழுத்தில் மஞ்சள் காதடைப்பான். வாசலிலேயே நின்று ஹோல்கர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மூணாவது ஆளுக்கு வாசிக்கத் தெரியணுமா?" என்று கேட்டார்.

ஹோல்கருக்குப் புரியச் சற்று நேரமானது. "தெரியணும்னு விதியில இல்ல. வந்து உட்கார்ந்தா போதும்."

"அப்ப நான் உட்கார்றேன்."

டிரம்ஸை எடுக்கவில்லை. அன்றே சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பிக் கொடுக்க நேரமான பிறகுதான் எழுந்தார்.

•

தார்மோ இருந்தபோது மோர்த்தென் ஓயாமல் அவனைச் சீண்டுவான். தார்மோவின் குடும்பம் ஃபின்லாந்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் நோர்சுண்டில் அப்படிப்பட்டவர்கள்தான் பாதிப் பேர். "உங்க ஆளுங்க ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா வரி போடுவாங்களாடா?" என்பான் மோர்த்தென். "எங்கப்பா பேசாம மிச்சம் பிடிச்சதையெல்லாம் நான் செலவு பண்றேன், உனக்கென்ன?" என்பான் தார்மோ. உண்மையும் அதுதான். அவன் வாய் மூடாது. டிரம்ஸ் வாசிக்கும்போதும் பேசுவான். பலகையில் பறக்கும்போதும் பேசுவான். விழுந்த பிறகும் தரையிலிருந்து பேச்சு வரும்.

குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். க்ரூஸ் என்றால் சரளைக்கல். பனிக்காலம் முழுக்க நகராட்சி லாரி தெருவெல்லாம் சரளையைக் கொட்டும், சனங்கள் வழுக்கி விழாமலிருக்க. பனி உருகிவிடும், கல் போகாது. பெருக்கும் வண்டி வருகிறவரை பலகையை வெளியே எடுக்க முடியாது. ஏப்ரலிலும் வரலாம், மே மாதமும் ஆகலாம், நகராட்சியின் மனசு. மிளகளவு கல் ஒன்று சக்கரத்தில் சிக்கினால் பலகை நிற்கும், ஆள் நிற்கமாட்டான். தார்மோவின் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. பல்லைத் தேடிக் கல்லோடு கல்லாகக் கையில் அள்ளிக்கொண்டு நின்றவன், "பேரு கிடைச்சுருச்சு" என்றான். வாயெல்லாம் ரத்தம்.

நகரத்தில் ஓர் ஆள் சின்ன ரெக்கார்டுகள் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். பாதிப் பாட்டுக் கேட்டுவிட்டே சரியென்று சொல்லிவிட்டான். நாலு பாட்டு வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் டேப் அவன் கைக்கு வர வேண்டும். கோடைக்கு முன்னால் ரெக்கார்டு வரும். ஹேட்ஃபோர்ஸிலிருந்து இதுவரை எந்தக் குழுவும் ரெக்கார்டு போட்டதில்லை, ஹோல்கரின் நடனக் குழுவைத் தவிர. அதன் அட்டையில் ஆறு ஆண்கள் ஒரே நிறச் சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மோர்த்தென் அதைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பான்.

டிரம்ஸைத்தான் முதலில் பதிய வேண்டும். வீடு கட்டுகிற மாதிரி. அது அடித்தளம், மற்றதெல்லாம் அதன் மேல் வரும். மார்ச் முதல் வாரத்துச் சனிக்கிழமை மதியம் இல்வாவும் மோர்த்தெனும் வழிகாட்ட மட்டும் வாசித்தார்கள். அது டேப்பில் ஏறாது, தார்மோவின் காதுக்கு மட்டும் போகும். டேப்பில் ஏறியது அவன் அடித்தது மட்டும். ஹோல்கர் பதிவுக் கருவியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஓடாதேடா. ஆடறவங்க காலை இடறிவிடாதே." ஆடுகிறவர்கள் யாரும் இல்லையே என்றான் தார்மோ.

நாலு பாட்டிலும் முடிவு நெருங்க நெருங்க அவன் ஓடினான். நாலாவதில் ஓட்டம் இரண்டாம் சரணத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அது பெருக்கும் வண்டிக்காகக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. மோர்த்தெனின் கை நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளி இல்வாவின் கையும். தார்மோ தனியாக முடித்தான். கடைசி அடியின் அதிர்வு அடங்குமுன் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு, "மணி என்ன?" என்றான்.

சனிக்கிழமைகளில் நோர்சுண்டுக்குக் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். அவர்கள் படியேறி மேலே வந்தபோது பஸ்ஸின் பின்விளக்கு தேவாலயத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது.

"பரவால்ல, ஏரி இருக்கு" என்றான் தார்மோ. பலகையை முதுகுப்பையில் செருகிக்கொண்டு உறைந்த ஏரிப் பக்கம் இறங்கிப் போனான். பேசிக்கொண்டேதான் போனான், என்ன பேசினான் என்று கேட்கவில்லை.

ஆலையின் சூடான நீர் ஏரியில் வந்து விழுகிற மூலை ஒருபோதும் உறையாது. ஹேட்ஃபோர்ஸில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகும்போதே இதையும் பழகும். ஆனால் அந்தக் குளிர்காலம் ஆலை நின்றிருந்தது. காகிதத்தை வாங்க ஆளில்லை. டிசம்பர் முதல் தண்ணீர் விழவில்லை. அந்த மூலையும் கல்லாக உறைந்தது. சனங்கள் சுற்றிப் போவதை விட்டுவிட்டு அங்கேயே குறுக்கே நடந்தார்கள். பனியில் பாதை விழுந்துவிட்டது, மாட்டுத் தடம் போல. பிப்ரவரிக் கடைசியில் ஆலைக்கு மறுபடி வேலை வந்தது. முட்டை அழுகின மாதிரி அந்தப் பழைய நாற்றம் ஊருக்குள் இறங்கியது. காசு வாசனை என்று சொல்லிச் சனங்கள் கடைவாசலில் நின்று மூச்சிழுத்தார்கள். அன்றைக்கும் அந்த வாசனை இருந்தது. பாதையும் போட்ட இடத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வழியனுப்பிய மூன்று பேருக்கும் தோன்றவில்லை, போனவனுக்கும் தோன்றவில்லை.

பலகை மறுநாள் அந்த மூலையில் மிதந்துகொண்டிருந்தது. மரம்தானே. அவனை எடுக்க இரண்டு நாளாயிற்று.

•

ரெய்னோ செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். காலணியைக் கழற்றி வாசலில் நேராக வைப்பார். கம்பளிக் காலுறையோடு நடந்து வந்து சோபாவில் அதே ஓரத்தில் உட்கார்ந்து காதடைப்பானை மாட்டிக்கொள்வார். ஹோல்கர் வைக்கிற காபியைக் கறுப்பாகக் குடிப்பார். பத்திரிகை கொண்டுவருவதில்லை. தூங்குவதில்லை. எதிர்ச்சுவரில் குழாய் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் இருக்கும்போது எப்படி வாசிப்பது என்று முதல் வாரம் தெரியவில்லை. மோர்த்தென் மெதுவாகப் பாடினான், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி. இடைவேளையில் ரெய்னோ ஒரு காதை மட்டும் திறந்து, "நான் இருக்கேன்னு குறைக்க வேணாம். ஆலையில இதைவிடச் சத்தம்" என்றார். அதற்குப் பிறகு குறைக்கவில்லை.

அவர்கள் வாசித்தது தார்மோவின் டிரம்ஸுக்கு மேல். அது ஹெட்ஃபோன் வழியாக அவர்கள் இருவர் காதுக்கு மட்டும் வரும். அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்பதெல்லாம் அடித்தளம் இல்லாத வீடு: இல்வாவின் பேஸ், மோர்த்தெனின் கிடார், நடுவில் ஒன்றுமில்லை. தன் மகன் அந்த அறைக்குள்தான் வாசித்துக்கொண்டிருக்கிறான் என்று ரெய்னோவுக்குத் தெரியுமா என்று இல்வா நினைத்துப் பார்த்தாள்.

ஒரே ஒரு தடவை அவராகப் பேசினார். ஹோல்கர் யாரோ கொடுத்த கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். ரெய்னோ தட்டைத் தொடவில்லை.

"மெஷின் ஓட ஆரம்பிச்சதுக்கு எங்க வீட்டுல கேக் செஞ்சா என் சம்சாரம். ஞாயித்துக்கிழமை. தார்மோ ரெண்டு துண்டு தின்னான்." காபியைக் குடித்தார். "ஏரிக்குச் சுடுதண்ணி விடற வால்வைத் திறந்தது எங்க ஷிப்டு."

ஹோல்கர் கத்தியை வைத்துவிட்டார். ரெய்னோ காதடைப்பானை மறுபடி மாட்டிக்கொண்டார், அதனால் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

பாட்டுகள் நகரவில்லை. முதல் மூன்றும் முட்டிமோதி முக்கால்வாசி வந்தன. நாலாவது வரவே இல்லை. ஹோல்கர் டிரம்ஸை மட்டும் ஒரு கேசட்டில் இறக்கிக் கொடுத்தார். இல்வா அதை வாக்மேனில் போட்டுத் தட்டுக் கழுவும்போது கேட்டாள். நடக்கும்போது கேட்டாள். படுக்கையில் கிடந்து தொடையில் விரலால் தட்டினாள். எந்த இடத்தில் அவன் மூச்சிழுக்கிறான், எந்த இடத்தில் குச்சி விளிம்பில் பட்டு வழுக்குகிறது என்பதெல்லாம் மனப்பாடம். ஓட்டம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. படி இறங்கப்போகிறவன் கைப்பிடியை விடுவது மாதிரி. அது தெரிந்துவிட்டால் அவனோடு போய்விடலாம். அவள் போனாள். நாலாவது பாட்டின் முடிவுவரை போனாள்.

மோர்த்தெனால் முடியவில்லை. அவன் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வாசித்தான். கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்ச் சுவரை உதைத்தான். ஏப்ரலும் பாதி தாண்டிவிட்டது.

ஆலையின் காலிக் கிடங்கு ஒன்றில் அவர்கள் மூவரும் கட்டிய மரச் சரிவு இருந்தது. குளிர்காலத்தில் பலகை ஓட்ட அதுதான் இடம். மோர்த்தென் அவளை அங்கே வரச்சொன்னான். ஓட்டாமல் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

பக்கத்து ஊர் யெஸ்பரிடம் பேசிவிட்டதாகச் சொன்னான். நல்லா வாசிப்பான், கட்டாய இராணுவப் பயிற்சி முடித்துவிட்டான், நடுவில் போகமாட்டான். செவ்வாய்க்கிழமை வருகிறான். டிரம்ஸை முதலிலிருந்து பதியலாம்.

"எதுல பதிவ?" என்றாள் இல்வா. நகராட்சி கொடுப்பது வருஷத்துக்கு ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய டேப்தான். அது இருவருக்கும் தெரியும். புதிதாகப் பதிந்தால் பழையது அழியும்.

"அதுலதான்."

"அழிக்கப் போறியா?"

"என்னால அவன்கூட ஓட முடியல, இல்வா. நீ போயிடற. நான் போக முடியல. உயிரோட இருந்தா, 'டேய் நாயே, மெதுவா அடிடா'ன்னு சொல்லுவேன். யார்கிட்ட சொல்ல?"

"இன்னும் பத்து நாள் இருக்கு."

"பத்து வருஷம் குடு, அவன் அப்படியேதான் அடிப்பான்." மோர்த்தென் எச்சிலைத் துப்பினான். "அப்புறம் எல்லாரும் செத்தவன் வாசிச்ச ரெக்கார்டுன்னு வாங்குவாங்க. கையில எடுத்துப் பார்த்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவாங்க. அவன் இருந்தா சிரிச்சே செத்திருப்பான்."

"அவன் வாசிச்சது என் கேசட்ட விட்டா வேற எங்க இருக்கு? சொல்லு. இந்த ஊர்ல அவன் செஞ்சதுன்னு வேற என்ன இருக்கு?"

மோர்த்தென் கீழே சரிவைப் பார்த்தான். பாதி ஆணிகள் தார்மோ அடித்தவை, எல்லாம் கோணல். "அவன் அப்பாவக் கேப்போம்" என்றான்.

•

யெஸ்பர் நல்லவன். அதுதான் கஷ்டம். சொந்தக் குச்சி, தாளம் எண்ணுகிற சின்னக் கருவி, காகிதப் பையில் அவன் அம்மா செய்த ஏலக்காய் ரொட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தான். விரிப்பைத் தானாக எடுக்காமல் யாராவது எடுக்கட்டும் என்று நின்றான். ஹோல்கர் எடுத்தார்.

ரெய்னோ வந்து காலணியைக் கழற்றினார். அறையில் மூன்று இளைஞர்கள் இருப்பதைப் பார்த்தார். எண்ணத் தெரியாத மனுஷனில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஆள் சேர்ந்தாச்சா."

மோர்த்தென் எழுந்து நின்று சொல்ல வந்ததைச் சொன்னான். சொல்லும்போது குரல் உயர்ந்து உயர்ந்து போய், இடையில் முறிந்தது. டேப் ஒன்றுதான், தன்னால் முடியவில்லை, நாள் இல்லை, நீங்க என்ன சொல்றீங்களோ அது.

"முதல்ல அவர் கேக்கட்டும்" என்றாள் இல்வா. "கேக்காம எப்படிச் சொல்லுவார்?"

ரெய்னோ சோபாவில் தன் ஓரத்தில் உட்கார்ந்தார். மஞ்சள் காதடைப்பானைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். ஹோல்கர் நாலாவது பாட்டைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டார். டிரம்ஸ் மட்டும்.

குச்சிகள் நாலு முறை தட்டிக்கொண்டன. பிறகு அவன் வந்தான். நிலவறை முழுக்க, சுவரிலும் குழாயிலும் காபிக் கோப்பையிலும் அதிர்ந்துகொண்டு வந்தான். இரண்டாம் சரணத்தில் தயங்கினான், ஓடினான். யெஸ்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் பெருவிரல் பின்தொடரப் பார்த்துக் கைவிட்டது. கடைசி அடி. டிரம்ஸின் பித்தளைத் தகடு நெடுநேரம் இரைந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து தார்மோ கேட்டான்: "மணி என்ன?"

ரெய்னோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பார்த்தபிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது அவருக்கு. சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தின் மேல் விட்டுக்கொண்டார். ஹோல்கர் டேப்பை நிறுத்தினார். இல்வாவுக்கு அறையைவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது, ஆனால் வாசலில் அவருடைய காலணி நேராக வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"பொறந்ததே மூணு வாரம் முந்தி" என்றார் ரெய்னோ. "எதுக்கும் காத்திருக்க மாட்டான்."

காபியை எடுத்தார். அது ஆறியிருந்தது, குடித்தார்.

"காகித மெஷின்ல யாராவது மாட்டினா மெஷின நிறுத்துவோம். தொடைப்போம். அப்புறம் ஓட்டுவோம். ஓட்டறதுக்கு யாருக்கும் மனசு வராது. ஓட்டலன்னா மெஷின் துருப்பிடிக்கும்." மோர்த்தெனைப் பார்த்தார். "ஓட்டுங்க."

ஒரு கேசட் பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னார் ஹோல்கர். வேண்டாம் என்றார் ரெய்னோ. வீட்டில் அவன் அம்மா இருக்கிறாள். கையில் கிடைத்தால் ராப்பகலாக அதையே போட்டுக்கொண்டிருப்பாள், பிறகு அவளை எழுப்ப முடியாது. இதைச் சொல்லிவிட்டு இல்வாவின் பக்கம் திரும்பினார்.

"உங்கிட்ட ஒண்ணு இருக்கில்ல."

எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. ஒரு மாதமாக அவர் எதிரிலேயே அந்த வாக்மேனைக் காதில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தவள் அவள்தானே. "இருக்கு."

"குடு."

இல்வா சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். கொடுக்க விருப்பமில்லை. கொடுத்தாள். அப்பா கேட்கிறார், என்ன செய்வது? அவர் அதைப் பார்க்காமல் உள்பையில் போட்டுக்கொண்டு காலணியை மாட்டினார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரத் தேவையில்லை என்று ஹோல்கர் சொல்ல வாயெடுத்தார். தெரியும் என்று கையைக் காட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

•

யெஸ்பர் முதல் மூன்று பாட்டையும் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அடித்தான். கோடு போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாட்டாகத் தார்மோ அழிந்தான். சத்தமே இல்லாமல் அழிந்தான். டேப் சுற்றியது, சிவப்பு விளக்கு எரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கூடவே வழிகாட்டி வாசித்த இல்வா விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டன. மோர்த்தெனின் முகம் எத்தனையோ வாரத்துக்குப் பிறகு தெளிந்திருந்தது. அதற்காக அவனை வெறுக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை.

நாலாவதுக்குக் கருவி வேண்டாம் என்றாள்.

"அது இல்லாம எனக்குக் கொஞ்சம்..." என்றான் யெஸ்பர்.

"என் பேஸைக் கேட்டு அடி."

இரண்டாம் சரணம் வந்தது. கேசட் இல்லை. டேப்பில் தார்மோ இருந்த இடத்தின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைகளுக்குத் தெரிந்திருந்தது. இல்வா கைப்பிடியை விட்டாள்.

யெஸ்பர் நாலு அடி தாண்டி நின்றுவிட்டான். "நீ ஓடற" என்றான் மரியாதையாக. மறுபடி ஆரம்பித்தார்கள். அதே இடத்தில் அவள் ஓடினாள், அவன் நின்றான். மூன்றாவது தடவை குச்சியை மடியில் வைத்துவிட்டு ஹோல்கரைப் பார்த்தான், வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. மோர்த்தெனுக்குப் புரிந்துவிட்டது. மணிக்கட்டுத் துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஹோல்கரின் குரல் வந்தது.

"அவ ஓடல, தம்பி. அந்தப் பாட்டு அங்க அப்படித்தான் போகும். பின்னாடியே போ."

முப்பது வருஷம் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து வாசித்த மனுஷன். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

யெஸ்பர் பின்னாடியே போனான். திக்கித் திணறிப் போனான், ஆனால் போனான். மோர்த்தென் அடுத்த வாரம் அதன்மேல் கிடாரைப் பதிந்தான். தார்மோவின் ஓட்டத்துக்கு இது ஒரு படி குறைவுதான், அதனால் முடிந்தது. அந்தக் குறைவு இல்வாவுக்குத் தெரியும். அவளால் ஓட முடிந்தது அவ்வளவு. மிச்சம் போய்விட்டது.

ரெக்கார்டு வந்தபோது அட்டையில் டிரம்ஸ் என்ற இடத்தில் யெஸ்பரின் பெயர் இருந்தது. அவன்தானே வாசித்தான். ஒரு பத்திரிகை, குழு நன்றாக வாசிக்கிறது, கடைசிப் பாட்டில் மட்டும் தாளம் கைமீறி ஓடுகிறது என்று எழுதியது. வேறு ஊர்க் குழுக்கள் அப்படி ஓடிப் பார்த்தன. பின்னாளில் யெஸ்பர் அதைத் தன் பாணி என்று சொல்லிக்கொண்டான். இல்வா திருத்தவில்லை.

ஆனால் அதெல்லாம் அப்புறம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பெருக்கும் வண்டி கடைசியில் வந்து தெருவைச் சுத்தம் பண்ணியது. மதியமே இளைஞர் மன்றத்து முற்றத்தில், கழுவின தார்த்தரையில், க்ரூஸ் முதல் தடவையாக மூன்று பேராக ஊருக்கு முன்னால் வாசித்தது. முப்பது நாற்பது பையன்கள் பலகையோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களைவிட ஓட்டினவர்கள் அதிகம்.

மூன்றாவது பாட்டில்தான் இல்வா பார்த்தாள். சைக்கிள் நிறுத்துகிற கம்பிகளுக்குப் பக்கத்தில் ரெய்னோ நின்றிருந்தார். விடுமுறை நாள் சட்டை, காதில் மஞ்சள் அடைப்பான். கைகள் பின்னால்.

நாலாவது பாட்டு தொடங்கியது. முதல் சரணம், பல்லவி. அவர் அசையவில்லை. இல்வா அவரையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். கேசட்டை ஏரியில் போட்டிருப்பாரோ என்று நினைத்திருந்தாள். அலமாரியில் பூட்டியிருப்பாரோ என்றும் நினைத்திருந்தாள். அவர் கேட்டது ஒரே தடவைதான் என்றால், இத்தனை பேஸுக்கும் கிடாருக்கும் கத்தலுக்கும் அடியில் எதை அடையாளம் தெரிந்துகொள்வார்? யாருக்காகத் தான் ஓடுகிறோம்?

இரண்டாம் சரணம். தயக்கம் வரப்போகிற இடம் இன்னும் வரவில்லை. அதற்குச் சற்று முன்னால் ரெய்னோ கையை உயர்த்திக் காதடைப்பானைக் கழற்றினார்.

முன்னால். சரியாக அவ்வளவு முன்னால். ஒரே தடவை கேட்டவனுக்கு அது தெரியாது. நூறு தடவை கேட்டவனுக்குத்தான் தெரியும்.

இல்வா ஓடினாள். யெஸ்பர் பின்னாலேயே வந்தான். மோர்த்தென் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். கம்பிகளுக்குப் பக்கத்தில் ரெய்னோ தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றார், மெஷின் சத்தத்தில் கோளாறு இருக்கிறதா என்று கேட்கிறவர் மாதிரி. அந்த ஒரு படி குறைவு அவருக்கும் கேட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி அடிக்கு அவர் நிற்கவில்லை. அடைப்பானை மாட்டிக்கொண்டு, கையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பலகைப் பையன்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, தேவாலயத்துப் பக்கம் வேகமாக நடந்தார். சனிக்கிழமை. கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும்.